நிஷா சிஸ்டரின் கையெழுத்து

விடிகாலை நாலரை மணிக்கு ரெனிதா ஒன்பதாம் நம்பர் கட்டில் பெரியவரை ஒருபக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவருக்கு அடியிலிருந்த ஈர விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் அந்த இன்னொருத்தி எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளோ, இங்கே வந்ததில்லை. பெரியவர் கனத்த உடம்புக்காரர். அவரைத் தாங்கித் தாங்கி ரெனிதாவின் இடுப்பு இற்றுப்போயிற்று. பினாயில் வாடையும் சீழ் வாடையும் கலந்து தொண்டையிலேயே நின்றது.

வார்டில் முப்பத்து நான்கு கட்டில்கள். பார்த்துக்கொள்ள ரெனிதாவும் அஃப்ஷீனும். இருவரும் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவிகள். முந்தின இரவு எட்டு மணிக்கு ஏறி வந்தவர்கள், இன்னும் உட்காரவில்லை. மூத்திரப் பைகளைக் காலி செய்து அளவு எழுத வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்க்க வேண்டும். இதற்குக் காலேஜில் வைத்திருக்கும் பெயர் படிப்பு.

பூந்தமல்லியில் கரையான்சாவடியைத் தாண்டி ஆவடி சாலையில் போனால் அந்த மதில் சுவர் வரும். முன்னால் நூற்றிருபது கட்டில் ஆஸ்பத்திரி, அதற்குப் பின்னால் நர்சிங் காலேஜ், அதற்கும் பின்னால் ஹாஸ்டல். மூன்றுக்கும் ஒரே முதலாளி, சேர்மன் ஸ்ரீராம். மாணவிகள் படிப்பதற்குப் பணம் கட்டுவார்கள். கட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் வேலை செய்வார்கள். ஆடு வாடகை கொடுத்துக் கசாப்புக் கடையில் குடியிருந்த கதைதான். பதிவு பெற்ற நர்ஸ்கள் என்று அந்தக் கட்டடம் முழுவதற்கும் ஐந்து பேர் இருந்தார்கள்.

ஐந்து மணிக்கு கேஸ் ஷீட் எழுதும் வேலை ஆரம்பித்தது. எட்டு மணிக்கு மேனேஜர் ஃபைல் பார்க்க வருவார். கட்டம் காலியாக இருந்தால் வாயில் வந்தபடி திட்டுவார். அதனால் காலை மருந்துக் கட்டங்களில் எல்லாம் விடிவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவது அங்கே வழக்கம். முதலில் கையெழுத்து வரும், மருந்து பிறகு வரும். அதுவும் அவர்கள் கையெழுத்து அல்ல, நிஷா சிஸ்டரின் கையெழுத்து.

நிஷா சிஸ்டர் அயர்லாந்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ரெனிதா அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் மூன்று வார்டுகளில், மூன்று ஷிஃப்டுகளில், ஒரே நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். மாணவி தன் பெயரை எழுதினால் மாணவி மருந்து கொடுத்தது வெளியே தெரிந்துவிடும். நர்ஸ் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். போனவரின் பெயரை வைத்துக்கொண்டால் எந்தச் செலவும் இல்லை. வார்டுக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு சீனியர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஊசி பிடிப்பதை அல்ல. 'நிஷா' என்று சாய்த்து எழுதி அடியில் ஒரு கோடு இழுப்பதைத்தான். ரெனிதாவுக்கு இப்போது தன் சொந்தக் கையெழுத்தைவிட அது நன்றாக வந்தது. அதை நினைத்தால் அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

பதினோராம் நம்பர் கட்டிலில் பாபு. கரையான்சாவடிக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சர்க்கரைப் புண்ணில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. இரவெல்லாம் வலியில் முனகி, வலி ஊசி போட்ட பிறகு விடியும்போதுதான் கண் அசந்தார். ஏழு மணிக்கு அவருக்கு இன்சுலின். ஆறே முக்காலுக்கு காஷுவால்டியிலிருந்து போன் வந்தது. பைபாஸில் விபத்து, ஆள் வேண்டும் என்றார்கள். கீழே போனால் திரும்பி வர நேரமாகும் என்று அஃப்ஷீன் பாபுவுக்கு அப்போதே இன்சுலினைப் போட்டுவிட்டு, அவர் மனைவி அஞ்சலையிடம் சீக்கிரம் இட்லி வாங்கி வரச் சொல்லிவிட்டு ஓடினாள். வார்டின் மறுகோடியில் ஒருவருக்கு வாந்தி பிடித்துக்கொண்டிருந்த ரெனிதாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

ஏழு மணிக்கு ரெனிதா டிரேயோடு பதினோராம் நம்பருக்கு வந்தாள். பாபு தூங்கிக்கொண்டிருந்தார். அஞ்சலை இட்லிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ரெனிதா கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். ஏழு மணிக் கட்டத்தில் நிஷாவின் கையெழுத்து இருந்தது. ஐந்து மணிக்கு அதைப் போட்டதே அவள்தான். தினமும் இருக்கிற கையெழுத்து. அதற்கு மருந்து போட்டாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்பது அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அவள் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து இரண்டாவது ஊசியைப் போட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, புருஷனை இட்லிக்கு எழுப்பப் போன அஞ்சலையின் குரல் வார்டைக் கிழித்தது.

"பாப்பா, இங்க வா. இவரு இன்னா இப்டி கீறாரு? தண்ணியா ஊத்துது பாரு. கூப்ட்டா ஏதேதோ ஒளர்றாரு."

பாபுவின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தாடை நடுங்கியது. கண்கள் யாரையும் பார்க்கவில்லை. ரெனிதா சர்க்கரை பார்த்தாள். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ட்யூட்டி டாக்டர் வார்டில் இல்லை. ஐ.சி.யூ.விலிருந்து ஞானகுமாரி சிஸ்டர் ஓடி வந்தாள். இருந்த ஐந்து நர்ஸ்களில் ஒருத்தி, ரெனிதாவைவிட நாலைந்து வயது மூத்தவள். வந்த வேகத்தில் நரம்பைத் தேடிப் பிடித்துக் குளுக்கோஸை ஏற்றினாள். பத்து நிமிடத்தில் பாபு கண் விழித்து, தண்ணீர் கேட்டார். ரெனிதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து திரும்பி வந்த அஃப்ஷீன், ஆறே முக்காலுக்கே தான் ஊசி போட்டுவிட்டதைச் சொன்னபோதுதான் நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

பதினோரு மணிக்கு சேர்மன் அறைக்குக் கூப்பிட்டார்கள். ரெனிதாவின் அப்பா டேவிட்டை அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள். லேத் பட்டறையில் காலை ஷிஃப்டில் நின்றவர், கை எண்ணெயைத் துடைத்த துணி பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருக்க, ஏ.சி. குளிரில் கைகட்டி நின்றார். பிரின்சிபால் அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் டைப் அடித்த கடிதம் ஒன்று தயாராக இருந்தது. பணியிலிருந்த நர்ஸ் நிஷாவுக்குத் தெரியாமல், யாரும் சொல்லாமல், நான் தன்னிச்சையாக நோயாளிக்கு ஊசி போட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஸ்ரீராம் கோபப்படவில்லை. மூன்று பெண்களைப் பெற்றவர்போல உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி இருந்தது. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், ஒரு கையெழுத்தோடு முடித்துக்கொள்ளலாம், ஆறு மாதம் சஸ்பெண்ட், அப்புறம் பரீட்சை எழுதட்டும் என்றார். இல்லையென்றால் நோயாளி வீட்டார் போலீசுக்குப் போவார்கள், தான் தடுக்க முடியாது என்றும் சொன்னார்.

"சார், நிஷா சிஸ்டர் ட்யூட்டில இல்லையே. அவங்க அயர்லாந்துல இருக்காங்க" என்றாள் ரெனிதா.

"ரெஜிஸ்டர்ல இருக்காங்கம்மா. அது போதும்."

"அப்போ வார்டுல நேத்து நைட்டு யாரு இருந்தது?"

"எங்க வார்டுல ஸ்டூடன்ட்ஸ் வேலை செய்யறதே கிடையாது. பாத்துக் கத்துக்க வர்றாங்க, அவ்வளவுதான்" என்று ஸ்ரீராம் அவளை விட்டுவிட்டு டேவிட்டிடம் சொன்னார். "உங்க பொண்ணு அந்த ரூலை மீறிட்டா."

டேவிட் மகளின் தோளைத் தொட்டார். "எழுதிக் குடுத்துடும்மா. படிப்பு முக்கியம்" என்றார். அந்தக் குரலில் இருந்த நடுக்கம் ரெனிதாவை அறைந்தது. இருபத்தைந்து வருடமாக இரும்பைக் கடைந்த மனிதர் இப்படி நடுங்க வேண்டுமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டாள். நாளைக் காலை எட்டு மணி வரைதான் டயம், கையெழுத்தில்லை என்றால் பெட்டி படுக்கையோடு காலேஜ் பஸ்ஸில் ஏற்றி விடுவேன் என்று பின்னாலேயே குரல் வந்தது. இப்போது அதில் உருக்கம் இல்லை.

அந்தக் கடிதம் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் சீனியர் உஸ்மா அக்கா இதேபோல ஒன்றில் கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதம் என்றார்கள். கடிதம் யுனிவர்சிட்டிக்குப் போயிற்று. இன்று அவள் கரையான்சாவடியில் துணிக்கடைக் கவுண்டரில் நிற்கிறாள். நான்கு வருடம் படித்து, தேறி, நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிந்தால்தான் ஒருத்தி நர்ஸ். கையெழுத்துப் போட்டால் ரெனிதாவுக்கு அந்தப் பதிவு கிடையாது. போடாவிட்டாலும் கிடையாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை டைப் அடித்து வைத்திருந்தார்கள்.

அப்பாவைக் கீழே உட்காரச் சொல்லிவிட்டு அவள் நேராகப் பதினோராம் நம்பர் கட்டிலுக்குப் போனாள். பாபு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலையிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. முதல் ஊசி போட்டது தெரியாமல் இரண்டாவது ஊசி போட்டது நான்தான் என்றாள். நிஷா என்று இங்கே யாரும் இல்லை, இரவு முழுக்க முப்பத்து நான்கு பேருக்கும் நாங்கள் இரண்டு பேர்தான், நாங்கள் இன்னும் நர்ஸ் இல்லை என்பதையும் சொன்னாள்.

அஞ்சலை கையை ஓங்கிவிட்டாள். ரெனிதா நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு கட்டில் கம்பியில் இறங்கியது.

"உன்ன நான் மன்னிக்கலடி. எம் புருசன் பூட்டிருப்பான்" என்றாள் அஞ்சலை. மூச்சு வாங்கியது. "காலீல அந்த சேர்மன் ஆளு வந்து இன்னா சொன்னான் தெர்யுமா? புள்ளைங்க வேடிக்க பாக்க வந்துச்சுங்க, ஒண்ணு வெளாட்டா ஊசி குத்திருச்சுன்னான். ராவெல்லாம் பீ மூத்திரம் அள்ளுனது வெளாட்டா? நான் பாக்கல?"

பாபு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "போலீசுக்குப் போனா இந்தப் பொண்ணு மேல கேஸ் போடச் சொல்லுவான். அது வோணாம்" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்க வந்த ரெனிதா அதைக் கேட்காமலே திரும்பினாள். கேட்க வேண்டியவன் ஏ.சி. அறையில் இருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மத்தியானம் ஹாஸ்டல் மொட்டை மாடியில், காய்கிற யூனிஃபார்ம்களுக்கு நடுவே கூடினார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை ட்யூட்டி இல்லாதவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அஃப்ஷீன் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முதல் ஊசி தன்னுடையது என்று அவளே எழுந்து சொன்னாள். அவளைத் திட்ட நினைத்தவர்களுக்கும் வாய் வரவில்லை. முன்கூட்டியே நிஷா கையெழுத்துப் போடாத ஒருத்தி அங்கே இல்லை.

பேச்சு சுலபமாக நடக்கவில்லை. ரெனிதா பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தப்பிக்கலாம் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் சேர்மன் பீரோவில் இருக்கிறது என்று இன்னொருத்தி நினைவுபடுத்தினாள். அப்போது நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து தரையில் போட்டாள். இருபது பிரசவம் பார்த்ததாக அதில் எழுதியிருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு இரண்டு பிரசவம் நடந்தால் அதிகம். இருபதையும் சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடித்திருந்தாள், சொல்லித்தான் காப்பி அடிக்க வைத்தார்கள்.

"ஆறு மாசத்துல நான் நர்ஸ். இதுவரைக்கும் ஒரு கொழந்த பொறக்கறத நான் கண்ணால பாத்ததில்ல" என்றாள் அவள். "என் கையில ஒரு பொம்பள செத்தா அப்பவும் நிஷான்னா எழுதுவேன்?"

ரெனிதாவுக்குக் காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக் கிடந்தது கோபமாகத் திரண்டு வெளியே வந்தது. தனக்காக யாரும் நிற்க வேண்டாம் என்றாள். தான் செய்தது தப்பு, அதைத் தன் பெயரிலேயே ஒத்துக்கொள்வேன், ஆனால் அவர் டைப் அடித்த பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். இன்று சாயந்திரம் வார்டுக்குப் போகிறவர்கள் அவரவர் பெயரை எழுதுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது என்று சொல்லி உட்கார்ந்தாள்.

அன்று சாயந்திரம் மூன்று வார்டுகளிலும் கேஸ் ஷீட்டுகளில் பெயர்கள் மாறின. பெயர், பக்கத்தில் எந்த வருட மாணவி என்பது, மருந்து கொடுத்த பிறகு கொடுத்த நேரம். மேனேஜர் ஃபைலைத் தூக்கி எறிந்தார். பெண்கள் குனிந்து பொறுக்கி அடுக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஞானகுமாரி சிஸ்டர் ஒவ்வொரு வார்டாக வந்து, ஊசி போடும்போது பக்கத்தில் நின்று, தான் பார்த்ததற்கு மட்டும் தன் பெயரை எழுதினாள். பார்க்காததற்கு எழுத மாட்டேன் என்று மேனேஜரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஊசி போடுவது மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று அஃப்ஷீன் பிறகு ஹாஸ்டலில் சொன்னாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு போர்ட்டிகோவில் காலேஜ் பஸ் வந்து நின்றது. வாட்ச்மேன் ரெனிதாவின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்ரீராம் படிக்கட்டில் கடிதத்தோடு நின்றார். டேவிட் ஆவடி வீட்டிலிருந்து முதல் வண்டி பிடித்து வந்து தூண் ஓரமாக நின்றிருந்தார். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள், டீ வாங்கப் போகிறவர்கள், பிளாஸ்க்கோடு அஞ்சலை என்று போர்ட்டிகோவில் நல்ல கூட்டம்.

"கடைசியா கேக்கறேன். கையெழுத்துப் போடறியா?"

"என் தப்ப நானே எழுதியிருக்கேன் சார். யாரு யாரு ட்யூட்டில இருந்தாங்க, யாரு இல்லன்னும் எழுதியிருக்கேன்" என்று ரெனிதா மடித்த தாளை நீட்டினாள். ஸ்ரீராம் அதை வாங்கவில்லை. டிரைவர் லோகநாதனிடம் இதை ஏற்றிக்கொண்டு போய் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடு என்றார். ஆளை 'இது' என்றதும் டேவிட்டின் முகம் மாறியது.

ரெனிதா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அஃப்ஷீன். மடியில் துணிப்பை. அவளுக்குப் பின்னால் நான்காம் ஆண்டு மாணவி, அவளுக்குப் பின்னால் ஹாஸ்டல் பாதையில் வரிசையாக, எட்டு மணி ட்யூட்டிக்கு யூனிஃபார்ம் போட்டுப் புறப்பட்ட அத்தனை பேரும். ஒருத்தியும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. இருக்கைகள் நிரம்பின, நடைபாதை நிரம்பியது, படிக்கட்டில் நின்றார்கள். லோகநாதன் திரும்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேரை ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும் என்று எஞ்சினை அணைத்தார்.

"இறங்குங்க எல்லாரும்" என்று ஸ்ரீராம் படி இறங்கி வந்தார். யாரும் இறங்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாகப் பத்து நிமிடம். வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. "எட்டு மணிக்கு வார்டுக்கு யாருடி போறது? நூத்தி இருபது பேஷன்ட் இருக்கான். யாரு பாக்கறது?"

அஞ்சலை பிளாஸ்க்கைத் தரையில் வைத்தாள்.

"ஏன் சார், இவங்கதான் வேடிக்க பாக்க வந்த புள்ளைங்களாச்சே. நேத்து எங்கைல சொன்னியே. பூட்டா போவட்டும், ஒன் நர்சுங்களக் கூப்புடு."

"உள்ள யாரு இருக்கா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இரவு ட்யூட்டிப் பெண்கள் மாற்று ஆள் வரும்வரை வார்டை விட்டு வர மாட்டார்கள், நோயாளியை நாங்கள் விட்டுவிட்டுப் போகவில்லை என்று அஃப்ஷீன் ஜன்னல் வழியாகச் சொன்னாள். வார்டுக்கு ஒரு பதிவு பெற்ற நர்ஸ் வேண்டும், நாங்கள் படிக்க வேண்டும், பிரசவம் பார்க்க கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ரெனிதா எங்களோடு பரீட்சை எழுத வேண்டும் என்றாள்.

ஸ்ரீராம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். சர்ட்டிஃபிகேட் இன்னும் அவர் பீரோவில்தான் இருந்தது. வெயில் ஏறி பஸ்ஸின் தகரம் சுட்டது. டேவிட் தூணை விட்டு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். நேற்று எழுதிக் கொடுக்கச் சொன்ன மனிதர், கம்பியில் இருந்த மகளின் கைமேல் தன் கையை வைத்து, "இறங்காத" என்றார்.

ஒன்பது மணிக்குப் பிரின்சிபால் அம்மா வந்தார். முதல் தடவையாக அவர் தரையைப் பார்க்காமல் பேசினார். சேர்மன் பேசத் தயார், ரெனிதாவும் அஃப்ஷீனும் மட்டும் உள்ளே வர வேண்டும் என்றார்.

ரெனிதா எழுந்தாள். அந்த அறை நினைவுக்கு வந்தது, அந்தக் குளிரும், டைப் அடித்த தாளும். இரண்டு பேர் உள்ளே போனால் வெளியே வருவது இரண்டு கடிதம். அவள் பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கதவுப் பக்கம் நகர்ந்ததில் பஸ் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

"நாங்க வர்றோம் மேடம்" என்றாள் ரெனிதா. "அந்த ரூம் பத்தாது. சாரை வெளிய வரச் சொல்லுங்க."